மூன்றாவது வீட்டில் யார் யார்?

பெட்டிமுடிக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் என் கையில் திணிக்கப்பட்டது ஒரு பழைய காலண்டர் தாளும் பேனாவும்தான். ஜீப்பின் பின்னால் மம்பட்டி, கடப்பாரை, கயிறு, தார்ப்பாய் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக்கொண்டு போயிருந்தோம். அவற்றை இறக்குவதற்குள் பக்கத்து டிவிஷன் சூப்பர்வைசர் அண்ணன் ஒருவர் என் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போனார்.

"தம்பி, இந்த ரோட்டுல வருஷக்கணக்கா வண்டி ஓட்டுறவன் நீ. யாரை எந்த வாசல்ல இறக்கி விட்டிருக்கேன்னு யோசி. முதல் லயம், மூணாவது வீடு. அங்க யார் யார்? எழுது."

அவர் கை நீட்டிய திசையில் லயத்தை, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளை, காணோம். மலை மேலிருந்து ஆறு வரைக்கும் ஒரே சேறு. நடுவே லாரி அளவுக்குப் பாறைகள், வேரோடு வந்த மரங்கள், நெளிந்த தகரம். அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டே நான் வீடுகளை எண்ண ஆரம்பித்தேன். 2020 ஆகஸ்ட் 7, வெள்ளிக்கிழமை. மழை விடவில்லை. தாள் நனையாமலிருக்க ஒருவர் என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மூணாறில் ஜீப் ஓட்டுகிறவன். பிறந்தது எஸ்டேட் லயத்தில். அப்பாவுக்கு மருந்தடிக்கிற வேலை, அம்மாவுக்குக் கொழுந்தெடுப்பு. சுற்றுலாக்காரர்கள் வராத மாதங்களில் பெட்டிமுடி வழியாக இடமலைக்குடிப் பக்கம் அரிசியும் பலசரக்கும் ஏற்றிப்போவேன். இடமலைக்குடி முதுவர் மக்களின் ஊர். கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து. அந்தப் பாதையில் தார் ரோடு முடிகிற இடத்தில் இருந்தது பெட்டிமுடி. இராஜமலைக்கு வரையாடு பார்க்க வருகிற கூட்டம் வனத்துறை கேட்டோடு திரும்பிவிடும். அதற்கு அப்பாலும் தேயிலை உண்டு, லயங்கள் உண்டு, அதில் மனிதர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

நயமக்காடு எஸ்டேட்டின் ஒரு டிவிஷன் அது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்துக் குடும்பங்கள். பாட்டன் பூட்டன் காலத்தில் மலையேறியவர்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போவார்கள், கல்யாணத்துக்குப் பெண் ஊரிலிருந்து வரும், ரிட்டயர் ஆனதும் ஊருக்கே திரும்பிப்போய் ஒரு வீடு கட்டுவது பலருடைய கனவு. லயத்து வீடு வேலையில் இருக்கும் வரைக்கும்தான். அதனால் ஒரு வீட்டில் இன்று யார் இருக்கிறார்கள் என்பது ரேஷன் கார்டிலும் இருக்காது, கம்பெனி ரிஜிஸ்டரிலும் முழுதாக இருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கயத்தாறுச் சீமையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை கிட்டத்தட்ட ஒரே நாளில் அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறது. கரண்ட் இல்லை, போன் டவர் இல்லை. இரவு பத்தரை, பத்தே முக்கால் மணி. குளிருக்கும் மழைக்கும் எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்ட நேரம். மேலே மலை உடைந்து வந்தது. நான்கு லயங்களை அடித்துக்கொண்டு ஆற்றுக்குள் போனது. 82 பேர் இருந்த இடத்தில் பிழைத்தவர்கள் 12 பேர்.

அவர்கள் தப்பிய கதையே தனி. கூப்பிட்டுச் சொல்லப் போன் கிடையாது. இருட்டில், மழையில், காலில் செருப்பில்லாமல் நடந்துபோய் அடுத்த லயங்களைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். மூணாறு டவுனுக்குச் செய்தி வரும்போது விடிந்துவிட்டது. பெரியவரையில் 2018 வெள்ளத்தில் பழைய பாலம் போய், தற்காலிகமாகப் போட்டிருந்த பாலமும் அந்த வாரம் கெட்டுக் கிடந்தது. ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் போக முடியாமல் தவித்தது. ஜீப் ஓட்டுகிற நாங்கள் பதினோரு பேர் அக்கரையில் கிடைத்த வண்டிகளைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. மலையில் கூப்பிட்டுப் போகிற வழக்கமும் இல்லை. சாவுச் செய்தி காதில் விழுந்தால் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவது எங்களுக்குப் பழக்கம்.

நாங்கள் போனபோது இராஜமலை, பெட்டிமுடித் தொழிலாளர்கள் ஏற்கெனவே வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் காலண்டர் தாளில் கட்டம் போட்டேன். ஒரு கட்டம் ஒரு வீடு. சூப்பர்வைசர் அண்ணன் மஸ்டர் கணக்கை, அதாவது வேலைக்கு வருகிறவர்களின் பதிவை, நினைவிலிருந்து சொன்னார். அதில் பேர் இருந்தவர்கள் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும். பிள்ளைகள் யார், வயசாளிகள் யார், அதைப் பெண்கள் சொன்னார்கள். அழுகைக்கு நடுவில் ஒரு பேர், மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு பேர்.

கொரோனா காலம் அது. கல்லூரியும் ஹாஸ்டலும் மூடியதால் வெளியூரில் படித்த பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். வேறு எஸ்டேட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவர்கள், மகளைப் பார்க்க வந்து பஸ் இல்லாமல் தங்கிவிட்டவர்கள் என்று கேள்விப்பட்ட ஒவ்வொன்றையும் எழுதினோம். ஒரு வீட்டில் ஐந்து பேர் என்று எழுதியிருந்தேன். பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "இல்லண்ணே, முந்தாநேத்து அவ தம்பி வந்தான். நான்தான் அவனுக்குச் சீனி குடுத்து விட்டேன்" என்றாள். ஆறு என்று திருத்தினேன். அந்தச் சீனி கொடுத்த நினைவு இல்லையென்றால் ஒரு மனிதனை யாரும் தேடியே இருக்க மாட்டார்கள். இன்று வரைக்கும் என் மனதில் ஆறாத ஓர் எண்ணம் இது.

தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. தீயணைப்புத் துறை, போலீஸ், வனத்துறை எல்லோரும் வந்தார்கள். மண் அள்ளுகிற இயந்திரங்கள் வந்தன. அவர்கள் உழைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த இயந்திரத்தை ஓட்டுகிறவரும் முதலில் கேட்ட கேள்வி, "எங்கே தோண்டட்டும்?" அதற்குப் பதில் எங்களிடம்தான் இருந்தது. இந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி, அதற்கு நேர் கீழே இரண்டாவது லயத்தின் கடைசி வீடு, மண் இப்படித் தள்ளியிருக்கிறது, ஆகையால் இருபதடி கீழே பாருங்கள் என்று சொல்ல அந்த ஊரில் நடமாடியவன் வேண்டும். ஒரு நிலைக்கதவு மண்ணில் தெரிந்தால், அந்தப் பச்சை பெயின்ட் யார் வீட்டுக் கதவு என்று சொல்ல ஆள் வேண்டும். கதவு யாருடையது என்று தெரிந்தால் அந்த வீட்டில் எத்தனை பேர் என்பது என் தாளில் இருந்தது. அத்தனை பேரும் கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்.

அன்று சாயங்காலம் கரிப்பூர் விமான விபத்துச் செய்தி வந்தது. கோழிக்கோடு விமான நிலையத்தில் மழையில் இறங்கிய விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. அங்கேயும் கொண்டோட்டிப் பக்கத்து ஜனங்கள் நோய்த்தொற்றுப் பயத்தைப் பார்க்காமல் மழையில் ஓடிப்போய் அடிபட்டவர்களைத் தூக்கினார்கள். எங்களில் ஒருவன் அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, "எல்லா இடத்திலேயும் பக்கத்துல இருக்கிறவன்தான் முதல்ல வர்றான்" என்றான். ஒரே நாளில் இரண்டு துயரம் கேரளத்துக்கு. நாங்கள் தலையை நிமிர்த்தவில்லை. மறுபடி குனிந்து மண்ணைத் தள்ளினோம்.

தேடுகிற வேலையை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாளுக்கு நாள் அதுவே கற்றுக்கொடுத்தது. முதல் நாள் ஆளாளுக்கு ஒரு மூலையில் தோண்டினோம். இரண்டாம் நாளிலிருந்து வரிசையாக நின்றோம். நீளக் கம்பியை மண்ணில் மெதுவாக இறக்கி, எடுத்து, நுனியை முகர்ந்து பார்ப்போம். கல்லில் மோதினால் ஒரு சத்தம், தகரத்தில் மோதினால் ஒரு சத்தம், துணியில் பட்டால் சத்தமே இருக்காது. கைக்கு மட்டும் தெரியும். விசில் ஊதினால் இயந்திரம் நிற்க வேண்டும், பேச்சு நிற்க வேண்டும். யாராவது முனகுகிறார்களா என்று அத்தனை பேரும் காதைக் கொடுத்து நிற்போம். முதல் இரண்டு நாள் அந்த மௌனத்தில் நம்பிக்கை இருந்தது. பிறகும் விசில் ஊதினோம். ஊதாமல் விட யாருக்கும் மனம் வரவில்லை.

கிடைத்தவர்களைக் கம்பளியில் கிடத்தி, இரண்டு கம்பைக் கொடுத்து, நான்கு பேராகத் தூக்கி வருவோம். அடையாளம் சொல்ல ஒரு கொட்டகை. அங்கே நின்ற ஒரு காலை நேரம் எனக்கு மறக்காது. ஒரு பெண்ணின் உடல். முகத்தை வைத்துச் சொல்ல முடியாத நிலை. சேற்றைத் துடைத்தபோது வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கறுப்புக் கறை. கொழுந்து கிள்ளுகிற கைக்கு அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. என் அம்மா செத்துக் குளிப்பாட்டியபோதும் அது விரலில் இருந்தது. அங்கே நின்ற அதிகாரி அந்தக் கறையைக் காட்டி, "இதை வைத்துத் தெரிகிறதா?" என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருடைய விரலும் அப்படித்தான்.

பிறகு ஒரு அக்கா முன்னால் வந்தாள். இறந்தவளின் ஸ்வெட்டரை முழங்கைப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே வேறு நிற நூலில் ஒட்டுத் தையல். "இது நான் போட்டது" என்றாள். "மஸ்டர்ல நிக்கும்போது கிழிஞ்சிருக்குன்னு சொன்னேன். கழட்டிக் குடுத்தா. ராத்திரி தச்சுக் குடுத்தேன்." ஒரு பேரைச் சொன்னாள். நான் தாளில் அந்தப் பேருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். அந்த அக்கா அதற்குப் பிறகு அழவில்லை. அடுத்த உடல் வரும்போதும் முன்னால் வந்து நின்றாள். ரேடாரும் நாயும் உடலைக் காட்டும். உடலுக்குப் பேரைத் திருப்பிக் கொடுக்க இப்படி ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

கொரோனாப் பாஸ் வாங்கிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கயத்தாற்றிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். சிலர் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பினார்கள். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாத காலம், உடல்களின் நிலையும் அப்படி. இராஜமலையிலேயே ஒரு மைதானத்தில் குழி வெட்டி வரிசையாக அடக்கம் செய்தோம். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறும். பக்கெட்டால் இறைத்துவிட்டு இறக்குவோம். தாய்க்குப் பக்கத்தில் பிள்ளை, அண்ணனுக்குப் பக்கத்தில் தம்பி என்று வீட்டுக் கணக்குப்படி வைக்க முடிந்தவரை பார்த்தோம். அதற்கும் அந்தத் தாள்தான் உதவியது.

நான்காம் நாள், ஐந்தாம் நாள் வந்தபோது மண்ணில் கிடைப்பது குறைந்துவிட்டது. மிச்சப் பேர் ஆற்றில் போயிருக்க வேண்டும். ஆற்றுத் தேடல் வேறு வேலை. பெட்டிமுடி ஆறு காட்டுக்குள் இறங்கிப் போகிறது. பூதக்குழி, கிராவல் பேங்க் என்று எங்கள் வாயில் புழங்கும் இடங்கள் எல்லாம் கீழே பல கிலோமீட்டர் தள்ளி. அங்கே பாதை கிடையாது. பாறையும் ஈற்றைக் காடும்தான். காலில் அட்டை ஏறாமலிருக்க உப்பும் புகையிலையும் துணியில் கட்டிக் கணுக்காலில் சுற்றிக்கொண்டோம். யானைத் தடத்தைப் பார்த்தால் நின்று, கேட்டு, பிறகு நடப்போம்.

எங்கள் குழுவோடு முதுவர் இரண்டு பேர் வந்தார்கள். அதில் வயதானவரிடம் நான் கற்றது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காது. நாங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நடந்தோம். அவர் கரையைப் பார்த்தார். "வெள்ளம் எவ்வளவு உசரத்துக்கு ஏறுச்சுன்னு முதல்ல பாருங்க. கிளையில செத்தை தொங்குதுல்ல, அது வரைக்கும் ஏறியிருக்கு. அங்க தேடணும். இன்னைக்குத் தண்ணி ஓடுற இடத்துல தேடி என்ன செய்ய?" என்றார். ஆறு வளைகிற இடத்தில் உள்பக்க மணல்திட்டை அவர் விட மாட்டார். வெள்ளம் வேகம் குறைந்து கையில் இருப்பதை இறக்கி வைப்பது அங்கேதான். பிறகு, பெரிய பாறைக்குப் பின்பக்கச் சுழி. சாய்ந்த மரத்தின் வேர்க்கூடு. இரண்டு கரையிலும் ஆள் நடந்து, ஒருவர் பார்த்ததை எதிர்க்கரைக்காரர் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து பாறையாகத் தெரிவது மறுபக்கத்திலிருந்து வேறாகத் தெரியும். அப்படித் திரும்பிப் பார்த்த இடங்களில் எங்களுக்குச் சிலர் கிடைத்தார்கள்.

எட்டாம் நாள் ஆகஸ்ட் 14. குவி என்று ஒரு நாய். லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தது. நிலச்சரிவுக்குப் பிறகு அது சாப்பிடாமல் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்திருக்கிறோம், பாவம் என்று பிஸ்கட் போட்டிருக்கிறோம், அதற்கு மேல் நினைக்கவில்லை. அன்று அது ஆற்றின் பாலத்துப் பக்கம் போய் நின்று, தண்ணீரையே பார்த்துக் குரைத்தபடி நகராமல் நின்றது. தேடிக்கொண்டிருந்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். அதோடு விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையின் உடல் அங்கே இருந்தது. செய்தி கேட்டு நாங்கள் ஓடிவந்தபோது குவி ஓரத்தில் படுத்துக் கிடந்தது. யாரும் பேசவில்லை. பிறகு போலீஸ் நாய்ப் படைக்காரர் ஒருவர் அதைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார். அந்தக் குழந்தையின் பாட்டி பிழைத்திருந்தார்; சில மாதம் கழித்து அவரிடமே அது திரும்பி வந்தது.

பயிற்சி பெற்ற நாய்களும் வந்தன, நன்றாகவே தேடின. ஆனால் குவி தேடியது வேறு. அதற்குத் தேடவேண்டிய ஆளைத் தெரிந்திருந்தது. அன்று ராத்திரி ஈரக் கம்பளியோடு படுத்திருக்கும்போது எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சைக் கதவு, சீனி கொடுத்த பெண், ஒட்டுத் தையல் போட்ட அக்கா, இந்த நாய். தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஏறத்தாழ மூன்று வாரம் தேடல் நடந்தது. 66 பேர் கிடைத்தார்கள். நான்கு பேர் கிடைக்கவில்லை. ஒரு நாள் அரசுத் தரப்பில் தேடலை நிறுத்துவதாகச் சொன்னார்கள். எத்தனை நாளைக்குத்தான் அவர்களும் தேடுவார்கள்? படைகள் கிளம்பின, இயந்திரங்கள் இறங்கிப் போயின. உறவைத் தொலைத்தவர்கள் போகவில்லை. அவர்கள் ஆற்றங்கரையில் தேடிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் பிழைப்புக்குத் திரும்பிவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவோம். அப்படிப் போன ஒரு நாள், கம்பியை ஊன்றிக்கொண்டு மணல்திட்டில் நின்ற ஒரு பெரியவரிடம் நான் வாய்தவறி, "இனிமே என்ன மாமா கிடைக்கப்போகுது, வாங்க போகலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கிடைக்காதுன்னு எனக்கும் தெரியும்பா. ஆனா வீட்டுல இருந்தா, அங்க தேடலையே, இங்க தேடலையேன்னு மனசு கேக்குது. இங்க வந்து நின்னா அந்தக் கேள்வி அடங்குது."

அதற்குப் பிறகு யாரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. தேடப் போகிறவன் உடலைக் கண்டுபிடிக்க மட்டும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் மனதில் இருக்கிற 'அங்கே பார்த்தீர்களா?' என்ற கேள்விக்கு, 'பார்த்தோம்' என்று பதில் கொண்டுவரப் போகிறான். ஒரு இடத்தைப் பார்த்து, அங்கே இல்லை என்று உறுதியாகச் சொல்வதும் ஒரு குடும்பத்துக்குச் செய்கிற உபகாரம்தான். அதனால் எங்கள் நோட்டில் கிடைத்த இடம் மட்டுமல்ல, தேடிக் கிடைக்காத இடத்தையும் தேதி போட்டு எழுதி வைத்தோம். கேட்டு வந்தவர்களுக்குப் புரட்டிக் காட்டினோம்.

உடல் கிடைக்காத வீட்டின் துக்கம் முடிவதில்லை. பதினாறு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதிலேயே தடுமாறுவார்கள். சட்டமும் அவர்களைக் காக்க வைக்கும். காணாமல்போனவரைப் பற்றி 7 ஆண்டு ஒரு தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் சொல்லும் பொது விதி. பேரிடர் என்றால் அரசு தனியாக உத்தரவு போட்டு அந்தக் காலத்தைக் குறைக்க முடியும். அப்போதும் அந்த ஆள் அன்றிரவு அங்கேதான் இருந்தார் என்று யாராவது சொல்ல வேண்டும். மறுபடியும் அதே கேள்விதான்: மூன்றாவது வீட்டில் யார் யார்?

பெட்டிமுடியில் பிழைத்த குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் எட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். இராஜமலை மைதானத்தில் வரிசையாகக் கல்லறைகள் எழும்பின. ஒவ்வோர் ஆகஸ்டிலும் அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், பூ வைக்கிறோம். அதோடு நிறுத்திக்கொள்ள எங்களுக்கு மனமில்லை.

2021 மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால், நாங்கள் பதினோரு பேரும் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். அவரவருக்குப் பழக்கமான லயங்களுக்குப் போனோம். ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. யார் யார் இருக்கிறார்கள், எந்த அறையில் படுக்கிறார்கள், நடக்க முடியாதவர் உண்டா, மாசமாக இருப்பவர் உண்டா, காது கேளாதவர் உண்டா. மேலே மலையில் புது வெடிப்பு கண்டீர்களா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா, வாய்க்கால் திடீரென்று வற்றியதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்வோம். பெருமழை என்றால் எந்த லயத்துக்காரர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும், யார் யாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று அங்கேயே பேசி முடிவு செய்வோம். தேடவே வேண்டாத நிலை வர வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போன செய்தி வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதுவும் தேயிலை மலை. அங்கேயும் லயங்கள். அங்கேயும் பாலம் போய் ஊர் துண்டானது. ராணுவம் இரும்புப் பாலம் போட்டது. வெள்ளம் உடல்களைச் சாலியாற்றில் நிலம்பூர் வரைக்கும் கொண்டுபோனது. அங்கே போன தோழர்களுக்கு நான் போனில் சொன்னது ஒன்றுதான்: "பிழைச்சவங்களைக் கூட்டிட்டுப் போய் நின்னு கேளுங்க. வீடு எங்க இருந்ததுன்னு அவங்க கையால காட்டட்டும்." ஆகஸ்ட் 9ஆம் தேதி அங்கே மக்கள் தேடல் என்றே ஒன்றை நடத்தினார்கள். முகாமில் இருந்தவர்கள் திரும்பி வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் நின்று, தேடுகிறவர்களுக்கு இடம் காட்டினார்கள். 298 பேர் போன துயரம் அது. அதில் 32 பேர் கிடைக்கவே இல்லை. புத்துமலையில் பல கல்லறைகளில் பேருக்குப் பதில் எண்தான் முதலில் எழுதப்பட்டது. டிஎன்ஏ சோதனை ஒத்துப்போகப்போக, எண் இருந்த இடத்தில் பேர் ஏறியது.

போன ஜூனில் என் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு லயத்துக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. கடைசி வீட்டுப் பாட்டி அடுப்படியில் உட்கார வைத்துக் கட்டன் சாயா கொடுத்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டேன். தான், மகன், மருமகள், பேத்தி இரண்டு பேர். எழுதி முடித்து நோட்டை மூடினேன். வாசல் வரைக்கும் வந்த பாட்டி தயங்கினார்.

"தம்பி, ஊர்ல இருந்து என் தங்கச்சி மகன் வந்திருக்கான். ரெண்டு நாள்தான் இருப்பான். அவனையும் எழுதணுமா?"

உள்ளே ஒரு பையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நான் திரும்பி வந்து அடுப்பு வெளிச்சத்தில் நோட்டைத் திறந்தேன்.

"எழுதணும் பாட்டி. அவன் பேர் என்ன?"